அளக்காத கால்

ஓரகத்தியின் யூடியூப் சேனலில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது பிசியோ மேடத்துக்கு எந்த நேரமும் தெரியும். சேனலின் சொந்தக்காரிக்கே அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

“அக்கா, மூணு லட்சம் தாண்டியிருக்குமா?” என்று துணி மடித்துக்கொண்டே இளையவள் கேட்பாள்.

மூணு லட்சத்துப் பதினோராயிரத்து நானூறு என்று மேடத்தின் வாய்வரை வந்துவிடும். அன்று காலை பல் தேய்க்கும்போதுதான் பார்த்திருந்தாள். “எனக்கெங்கே அதுக்கெல்லாம் நேரம்?” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்த சட்டையை உதறி மறுபடி மடிப்பாள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே கட்டடத்தில் கீழும் மேலுமாகக் குடியிருக்கிறார்கள். கீழே மூத்தவள், மேலே இளையவள். மாமியார் இரண்டு வீட்டுக்கும் பொது. காலையில் கீழே, சாயங்காலம் மேலே. எங்கே சண்டை சுவாரசியமாக இருக்கிறதோ அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம்.

மூத்தவள் நாலரை வருடம் படித்தவள். இருநூற்றாறு எலும்புகளையும் அவற்றைப் பிடித்திழுக்கும் தசைகளையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். அந்தப் படிப்பால் அவளுக்குக் கிடைத்த மரியாதை ஒரு மாதிரியானது. “டாக்டரா?” என்பார்கள். இல்லை. “அப்போ நர்ஸா?” அதுவும் இல்லை. “ஓ, மசாஜ் பண்றவங்களா!” இருபத்திரண்டு வருடமாக இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அறை தரைத்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே. முன்பு பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருந்த இடம். இரண்டு படுக்கை, பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்பிகள், சுவரில் தோளைச் சுழற்ற ஒரு சக்கரம், மணல் மூட்டைகள், ஆளுயரக் கண்ணாடி. வெளியே எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு. அந்த பெஞ்சு நிறைந்திருந்தால் மேடத்தின் நடை ஒரு விதம், பாதி காலியாக இருந்தால் வேறு விதம். தூரத்தில் வரும்போதே காவலாளி அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் கோட்டுப் பையிலிருந்து இன்ச் டேப் வெளியே வரும். ஒரு கால் வலி என்று வந்தவருக்கு இரண்டு காலையும் அளப்பாள். ஒரு தோள் என்றால் இரண்டு தோளையும்.

“வலிக்கிறது இந்தக் கால் மேடம். அதை எதுக்கு அளக்கறீங்க?”

“நல்ல காலைக் கேட்டாத்தான் கெட்ட கால் உண்மையைச் சொல்லும்.”

இரண்டு எண்களையும் சீட்டின் மூலையில் பென்சிலால் எழுதுவாள். அதற்குப் பிறகுதான் கை வைப்பாள். பயிற்சிக்கு வரும் மாணவிகள் அளக்காமல் கை வைத்தால் அன்று அவர்கள் மதியம் சாப்பிட்ட மாதிரிதான்.

இளையவள் செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி கீழே இறங்கி வந்தாள். மேடம் அவளைத் தரையில் படுக்கவைத்து ஐந்து பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். அதை இளையவள் தினமும் செய்தாள். செய்ததோடு நிற்காமல் போனை நாற்காலியில் சாய்த்து வைத்துப் படமும் எடுத்துப் போட்டாள். “எங்க அக்கா சொல்லிக்கொடுத்தாங்க” என்று அந்த முதல் வீடியோவில் இரண்டு தடவை சொல்கிறாள். எந்த அக்கா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மேடம் கீழே இருந்த கருத்துகள் அத்தனையையும் படித்துப் பார்த்துவிட்டாள், ஒருவர்கூட இல்லை.

அதோடு சேர்த்து நாலு வருடத்தில் எண்பது வீடியோ. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால். இளையவள் புத்தகங்கள் வாங்கினாள், வெளிநாட்டுப் பேராசிரியர்களின் வகுப்புகளைக் கேட்டாள், புரியாததைக் கீழே இறங்கி வந்து கேட்டாள். “இப்போ வேலையா இருக்கேன்” என்பது பெரும்பாலும் பதில். மேடம் எண்பதையும் பார்த்திருந்தாள், ஒன்றரை மடங்கு வேகத்தில், தப்புக் கண்டுபிடிக்க. மொத்தம் மூன்று தப்புதான் கிடைத்தது. அதுவும் சின்னச் சின்னது. அன்று அவளுக்கு வந்த ஏமாற்றம் கொஞ்சநஞ்சமில்லை.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இங்கே ஒரே தொழுவத்து இரண்டு மாடுகளில் ஒன்றுமட்டும் விலை போனது. அதுதான் தாங்க முடியவில்லை.

மாமியாருக்குத் தோள் இறுகிக் கிடந்தது. சுவரில் விரலால் மேலே மேலே ஏறுங்கள் என்று மூத்தவள் இரண்டு வருடம் சொன்னாள். மாமியார் இரண்டு வருடம் தலையாட்டினார். ஒருநாள் காலையில் பார்த்தால் அவர் சுவரில் விரல் வைத்து ஏறிக்கொண்டிருக்கிறார், மேஜையில் போன், போனில் இளையவள், “ஒண்ணு... ரெண்டு... சூப்பர்மா, இன்னும் கொஞ்சம்!”

“இதைத்தானே அத்தை நானும் சொன்னேன்?”

“நீ சொன்னா ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரி இருக்கு. அவ சொன்னா விளையாட்டு மாதிரி இருக்கு.”

“அவ எதிர்லகூட இல்ல. போன்ல இருக்கா.”

“அதான் நல்லது. கோவம் வந்தா அணைச்சுடலாம். உன்னை அணைக்க முடியுமா?”

மாமியாரின் கை காதுவரை உயர்ந்தது. நோயாளி குணமானால் வைத்தியருக்கு வயிறு குளிர வேண்டும். மேடத்துக்கு வயிறு எரிந்தது.

பெஞ்சிலும் பேச்சு மாறிக்கொண்டிருந்தது. “வீடியோல வேற மாதிரி சொன்னாங்களே மேடம்” என்பவர்கள் வந்தார்கள். அவள் செய்வதைப் படம் எடுத்து, “சரியா பண்றாங்களான்னு பாருங்க” என்று யாருக்கோ அனுப்புபவர்கள் வந்தார்கள். ஒரு பெண்மணி அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க அந்த வீடியோ பொண்ணு மாதிரியே பண்றீங்க. அவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டீங்களா?” என்று பாராட்டினார்.

கடைசியில் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் பெரிய டிவி வாங்கப்போகிறார்கள், காத்திருக்கும் கூடத்தில் மாட்ட.

“அதுல உங்க ஓரகத்தியோட வீடியோவை ஓட விடலாம்னு இருக்கோம். உங்க வீட்டுப் பொண்ணாமே! சொல்லவே இல்லையே. குடுத்து வெச்சவங்க நீங்க.”

“சார், அவ படிச்சவ இல்ல.”

“கேக்கறவங்களும் படிச்சவங்க இல்லையே. அப்புறம், பாதிப் பேர் டிவி பாத்தே சரியாயிட்டா உங்களுக்கும் வேலை குறையும்.”

மற்ற யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அவருடைய மேஜையில் கட்டடத்தின் வரைபடம் விரித்திருந்தது. லிஃப்டுக்கு எதிரே இருந்த அறையைச் சுற்றி யாரோ பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள். 

அன்று சாயங்காலம் ஒரு நீல அட்டை நோட்டு வாங்கினாள். வீடியோ பார்த்துக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அதில் எழுதத் தொடங்கினாள். வயது, முகவரி, என்ன வீடியோ, என்ன கேடு. இருபத்தைந்து ஆனதும் கண்காணிப்பாளரின் மேஜையில் வைப்பதாகத் திட்டம். மூன்று மாதத்தில் பதினேழு சேர்ந்தது. நேர்மையாகச் சொன்னால் அதில் இளையவளுடைய வீடியோ நாலுதான். மற்றதெல்லாம் யார் யாரோ. இரண்டு பேர் படியில் வழுக்கி விழுந்தவர்கள், கையில் போன் இருந்த காரணத்தால் கணக்கில் வந்துவிட்டார்கள். நோட்டு மெல்ல நிறைவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடிபட்டு வருபவரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பதினெட்டாவதாக வந்தவர் ஒரு பஸ் டிரைவர்.

சனிக்கிழமை காலை. நல்ல உயரம், ஐம்பது வயது, டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர்போலச் சீட்டை நீட்டினார். இடது கணுக்கால் பிசகி மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு நாள். இப்போது கெண்டைக்காலில் வலி. நடந்தால் இழுக்கிறது, நடக்காவிட்டாலும் இழுக்கிறது.

“ஏதாவது பண்ணீங்களா?”

“சும்மா உக்காந்திருக்க முடியாம வீடியோ பாத்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன் மேடம். மூணு நாள். அந்தச் சிரிச்ச முகப் பொண்ணு போடுமே, அது. அப்புறம் அவங்கதான்—”

அவள் முடிக்க விடவில்லை. “எத்தனை தடவை?”

“ஐம்பது, அறுபது...”

“கட்டுப் பிரிச்ச காலுக்கு அறுபதா!” அவள் குரலில் அதிர்ச்சி இருந்தது. அதற்கடியில் இருந்ததை அதிர்ச்சி என்று சொல்ல முடியாது.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதான். பஸ் ஓட்ட வராதவன் பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, பிரேக் போடு, கியர் மாத்துன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? நான் அதைத்தானே இங்க பண்ணியிருக்கேன். இனிமே நீங்க சொல்றதுதான் மேடம். வேற யார் பேச்சையும் கேக்கறதா இல்ல.”

இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கண் கலங்காத குறை.

காலைத் தொட்டாள். சூடாக இருந்தது. தசை கிழிந்தால் சூடாகத்தான் இருக்கும். வீங்கியிருந்தது. அறுபது தடவை தூக்கினால் வீங்காமல் என்ன செய்யும்? விடை கையில் இருந்தது, கேள்வி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இன்ச் டேப் பையிலேயே கிடந்தது. வலது காலின் மேல் கால்சட்டை இறங்கியபடியே இருந்தது. பத்து நிமிடம் சூடு வைத்தாள். பத்து நிமிடம் கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

“வீட்டுல யாரையாவது காலையும் சாயங்காலமும் இதே மாதிரி தேய்க்கச் சொல்லுங்க. திங்கக்கிழமை வாங்க. அப்புறம் அந்தப் போன்...”

“தொடமாட்டேன் மேடம். அணைச்சுப் பெட்டியில போட்டுடறேன்.”

அவர் போனதும் நோட்டை எடுத்தாள். பதினெட்டு என்று எழுதி, முகவரியைத் தெரு, வீட்டு எண்ணோடு எழுதி, வீடியோவின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளையவள் அடுத்த வீடியோவுக்காகப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நேத்து ஒரு டிரைவர் வந்தாரா?”

“ஏன்?”

“அந்த வீடியோவுக்குக் கீழ கருத்துல எழுதியிருந்தார். கால் வீங்குதுன்னு. பயிற்சியை உடனே நிறுத்துங்க, நேர்ல காட்டுங்கன்னு சொல்லி, உங்க ஆஸ்பத்திரியைச் சொன்னேன்.”

மேடத்தின் கையில் கிளிப் நின்றது. தன்னை மட்டுமே நம்பி வந்த ஒரே ஒரு ஆள். அவரையும் இவள்தான் அனுப்பியிருக்கிறாள்.

“வந்தார். உன் வீடியோவால தசை கிழிஞ்சு வந்தார். போதுமா?”

இளையவளின் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. “ஒரு காலு மட்டும்தானே வீக்கம்? அவர் எழுதினதுக்குக் கீழ ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, அவங்க தம்பிக்கும் மாவுக்கட்டுப் பிரிச்சப்புறம் இப்படித்தான் ஒரு கால் மட்டும் வீங்கிச்சாம், உள்ள ரத்தம் கட்டியிருந்துச்சாம். எனக்கு அது தெரியாது. அதான் உங்ககிட்ட அனுப்பினேன். அளந்தப்போ எவ்வளவு வித்தியாசம் இருந்துச்சு அக்கா?”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

“ஐயோ, இல்லக்கா. நீங்கதான் எப்பவும் அளப்பீங்களேன்னு...”

எப்பவும் அளப்பீங்களே. மேடம் கையிலிருந்த ஈரத் துணியை வாளியிலேயே போட்டாள். மூன்று வாரம் அசையாத கால். ஒரு பக்க வீக்கம். சூடு. நடக்காவிட்டாலும் வலி. இரண்டாம் வருடத் தேர்வில் இந்தக் கேள்விக்கு அவள் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறாள். காலின் நாளத்துக்குள் ரத்தம் உறைந்து நிற்கும்போது தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கட்டி நழுவி நுரையீரலுக்குப் போகும். அவள் தேய்த்தாள். தேய்க்கச் சொல்லியும் அனுப்பினாள், காலையும் சாயங்காலமும்.

“போன் போடு அவருக்கு.”

“எங்கிட்ட நம்பர் ஏது?”

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணை டோக்கன் கொடுப்பவரிடம் கேட்டு வாங்கினார்கள். அணைக்கப்பட்டுள்ளது என்றது குரல். மறுபடி போட்டார்கள். அணைக்கப்பட்டுள்ளது. பெட்டிக்குள் கிடக்கும் போன் எப்படி எடுக்கும்? அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

முகவரி இருந்தது. கைப்பையில் இருந்த நீல நோட்டில், தெரு, வீட்டு எண்ணோடு.

கணவன்மார் இருவரும் வெளியே போயிருந்தார்கள். மேடத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இளையவள் ஓட்ட, மூத்தவள் பின்னால் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய சிக்னலில் சிவப்பு. பக்கத்துக் காரில் கண்ணாடி இறங்கியது.

“ஐயய்யோ, நீங்க அவங்கதானே! ஏய், இங்க பாருடி! எங்கம்மா உங்களாலதாங்க நடக்கறாங்க!”

“ரொம்ப சந்தோஷம்ங்க.”

“ஒரே ஒரு போட்டோ...”

“அவசரமா போறோம்ங்க.”

“ஒரு செகண்டு. பின்னாடி இருக்கறவங்க கொஞ்சம் தலையை அந்தப் பக்கம் சாய்ச்சுக்கறீங்களா?”

மேடம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு உயிர் போகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அந்த அடிப்புக்கு நடுவிலும் ஒரு ஊசி குத்தத் தவறவில்லை.

டிரைவரின் வீடு இரண்டாவது மாடியில். கதவைத் திறந்த அவர் மனைவி மேடத்தைப் பார்க்கவே இல்லை.

“நீங்களா! எங்க வீட்டுக்கா! என்னங்க, யார் வந்திருக்காங்கன்னு பாருங்க!”

“அவர் எங்கே?” என்று மேடம் உள்ளே நுழைந்தாள். டிரைவர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் ஒரு மணை, மணையில் ஒரு கிண்ணம் எண்ணெய்.

“தேய்ச்சீங்களா?”

“நேத்து சாயங்காலம் தேய்ச்சோம் மேடம். இப்பத்தான் மறுபடி ஆரம்பிக்கலாம்னு...” மனைவியின் கையில் எண்ணெய் மினுங்கியது.

“தொடாதீங்க! யாரும் தொடாதீங்க. நீங்களும் அசையாதீங்க.”

தரையில் மண்டியிட்டு, கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, கால்சட்டை இரண்டையும் மேலே ஏற்றி அளந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில், முதலில் வலது. முப்பத்தைந்து சென்டிமீட்டர். பிறகு இடது. முப்பத்தொன்பதரை. மறுபடி அளந்தாள். அதே முப்பத்தொன்பதரை.

“மூச்சு வாங்குதா? நெஞ்சுல வலி?”

“இல்லயே. என்ன மேடம், பயமுறுத்தறீங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்பவே. நடக்க வேண்டாம்.”

பக்கத்து வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். இரண்டாவது மாடியிலிருந்து டிரைவர் வழி சொல்லிக்கொண்டே வந்தார், “லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல... வளைவு இருக்கு, மெதுவா.” ஸ்கேன் எடுத்ததில் தொடையின் பாதிவரை ரத்தக் கட்டி. மருந்து உடனே ஏற்றினார்கள். அவசரப் பிரிவின் இளம் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு தடவை தேய்ச்சிருந்தா அவ்வளவுதான்” என்றார். “யார் கண்டுபிடிச்சது?”

“மேடம்தான்,” என்றார் டிரைவர் படுத்தபடியே. “வீடு தேடி வந்தாங்க. எந்த டாக்டர் சார் ஞாயித்துக்கிழமை வீடு தேடி வருவாங்க?” அவர் மனைவி மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மேடம் இளையவளைப் பார்த்தாள். இளையவள் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

அந்த வாரம் மேடத்துக்கு நல்ல வாரம். கண்காணிப்பாளர் லிஃப்டில் நிறுத்திக் கை கொடுத்தார். காவலாளி எழுந்து நின்றார். செய்தி பரவி பெஞ்சில் எட்டுப் பேருக்குப் பன்னிரண்டு பேர். டிரைவரைப் பார்க்க வார்டுக்குத் தினமும் ஒரு முறை போவாள். அவர் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அவளை அறிமுகம் செய்துவைப்பார், “நான் சொன்னேனே, இவங்கதான். இவங்க சொன்னா வேதவாக்கு.” அளக்காமல் தேய்த்ததை ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவாள். ஒவ்வொரு நாளும் அந்த அறிமுகத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆசை யாரை விட்டது?

வெள்ளிக்கிழமை மதியம் இளையவளின் எண்பத்தொன்றாவது வீடியோ வந்தது. பாய் இல்லை, பயிற்சி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பேசினாள்.

“நான் படிச்சவ இல்ல. என் வீடியோ பாத்துப் பயிற்சி பண்ணின ஒருத்தர் சாகப் பாத்தார். கட்டுப் பிரிச்சவங்க செய்யக் கூடாதுன்னு நான் அதுல சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது. அவரைக் காப்பாத்தினது எங்க அக்கா. இருபத்திரண்டு வருஷமா பிசியோவா இருக்காங்க. என்னோட முதல் வீடியோவே அவங்க எழுதிக் குடுத்த தாள்தான். உடம்பு வலிச்சா முதல்ல அவங்க மாதிரி ஒருத்தர்கிட்ட போங்க. அப்புறம் என்கிட்ட வாங்க.”

மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே அதைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அக்கா வாழ்க என்று எழுதியிருந்தார்கள். அத்தனை வருடமாக அவள் ஏங்கிய வார்த்தைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இதுவும் வந்தது: ‘தப்பை ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்! உங்களை மாதிரி யாரு இருக்கா!’ அதற்கு ஆறாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

பேரைத்தான் எடுத்துக்கொண்டாள், கூட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். இப்போது தப்பை ஒத்துக்கொள்கிற பெருமையையும் அவளே எடுத்துக்கொண்டாளே! அதுவும் யாருடைய தப்பு? தன்னுடைய தப்பு. மேடத்துக்கு வந்தது ஆத்திரமா அவமானமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாப்பாடு ஆறிப்போனது. அவள் முதல் தடவையாக அந்தச் சேனலில் ஒரு கருத்து எழுதினாள், தன் சொந்தப் பெயரில்.

‘இந்த வீடியோவில் வரும் பிசியோ நான்தான். சனிக்கிழமை நான் அவர் காலை அளக்கவில்லை. தேய்த்துவிட்டேன். தேய்க்கவே கூடாது. அளந்தீர்களா என்று மறுநாள் கேட்டவள் இவள்தான். இவள் கேட்கவில்லை என்றால் அவர் இல்லை.’

பதில்கள் உடனே வந்தன.

‘உண்மையான பிசியோ இப்படி எழுதுவாங்களா? போலி ஐடி.’

‘நல்லது நடந்தா பொறுக்காதே உங்களுக்கு.’

‘பொறாமை பிடிச்ச ஆன்ட்டி, போய் வேலையைப் பாருங்க.’

‘தேய்ச்சா ஒண்ணும் ஆகாது. நானும் இதைப்பத்திப் படிச்சிருக்கேன்.’

கடைசியாக வந்ததற்கு மட்டும் அவள் நீளமாகப் பதில் எழுதினாள், ஏன் ஆகும், எப்படி ஆகும் என்று. ‘ரொம்பப் பேசாதீங்க, நீங்க என்ன டாக்டரா?’ என்று வந்தது. இல்லை என்று எழுதினாள். அடுத்து நர்ஸா என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

அதற்குள் போன் அடித்தது. டிரைவர். அன்று காலைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“மேடம், மன்னிச்சுக்கோங்க, போனைப் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். ஒரு அவசரம். அந்த வீடியோவுக்குக் கீழ யாரோ ஒரு பொம்பளை உங்க பேரை வெச்சுக்கிட்டுக் கண்டபடி எழுதியிருக்கா. நீங்க அளக்கலையாம், தேய்ச்சீங்களாம். விடுவேனா? நல்லா குடுத்திருக்கேன். ‘தெய்வத்தைப் பழிக்காதே, நாக்கு அழுகிடும்’னு எழுதியிருக்கேன். முன்னூறு லைக் வந்திருக்கு மேடம்!”

அறைக்கு வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

“அது நான்தான்.”

“எது மேடம்?”

“அதை எழுதினது. உண்மையைத்தான் எழுதியிருக்கேன். உங்களுக்கு நான்தானே தேய்ச்சுவிட்டேன்? மறந்துட்டீங்களா? அளக்கவும் இல்ல. வீடியோவாலதான் வந்துச்சுன்னு நீங்க சொன்னவுடனே எனக்குச் சந்தோஷமாயிடுச்சு. அதுக்கு மேல பாக்கத் தோணல.”

அந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்த மாதிரி ஒரு அமைதி. பின்னால் அவர் மனைவி, “யாருங்க?” என்று கேட்பது கேட்டது. 

“சந்தோஷமா?” என்றார் கடைசியில்.

“ஆமா.”

“என் கால் வீங்கினதுலயா?”

“ஆமா.”

  அவர் போனை வைத்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். வைத்தால் நியாயம்தான்.

“ரெண்டு பஸ் ஒரே ரூட்ல ஓடினா,” என்றார் அவர் மெதுவாக, “முன்னாடி போறவன் பிரேக் டவுன் ஆனா பின்னாடி வர்றவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு இது இருக்கும். எனக்கும் இருந்திருக்கு. ஆனா அவன் பயணிகளை ஏத்திக்கறப்போ ஒழுங்கா ஏத்திக்கணும்ல மேடம்?”

“ஏத்திக்கணும்.”

“என்னை ஏத்திக்கிட்டு வழியில தூக்கிப் போட்டுட்டீங்களே.”

“ஆமா.”

அவர் பெருமூச்சு விட்டார். “எழுதினதை அழிச்சுடறேன். நாக்கு அழுகறதை மட்டும். ஒரு மாசம் கழிச்சு நடக்கப் பழக வரச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட வர்றதா, வேற இடம் பாக்கறதா?”

“அது உங்க இஷ்டம்.” பிறகு அவளுக்கு அடக்க முடியவில்லை. “எங்கிட்ட வாங்க. வந்து படுத்ததும், அளந்தீங்களான்னு முதல்ல கேளுங்க. நான் அளக்காம காலை நீட்டாதீங்க.”

“கேப்பேன்,” என்றார் டிரைவர். “கண்டிப்பா கேப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தச் சின்ன மேடமும் அங்க வருவாங்களா? என் வீட்டுக்காரி ஒரு போட்டோ எடுத்துக்கணும்ங்கறா” என்றார்.

“வரமாட்டா,” என்றாள் அவள், வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாக.